கரி படாத வீடு

பூமி சூடாவதைத் தடுக்க உலக நாடுகளெல்லாம் கூடிக் கூடிப் பேசிக் களைத்திருந்த வேளையில், குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பூட்டைக் கொண்டு அதைத் தடுத்துக் காட்டியவர் பொறியாளர் அழகேசன். அந்தப் பூட்டுக்கு வெளியே குடியிருக்கும் பேறு பெற்றவள் ஆண்டாயி.

ஆண்டாயி வெங்காயக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். கணவன் மதுரைவீரன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். போன வருஷத்துப் புயலில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்துபோய் யாருடைய சோளக்கொல்லையிலோ விழுந்தது. கூரையைப் பிரிந்த சுவர் மறுநாளே சரிந்தது. முன்பெல்லாம் புயல் கடற்கரையோடு மரியாதையாகத் திரும்பிவிடும். இப்போது அதற்கும் உள்ளூர்ச் சுற்றுப்பயணம் பிடித்துவிட்டது.

ஒரு வாரத்தில் அழகேசன் வந்தார். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்குவதால் பூமி சூடாகிறது, அதனால்தான் புயலுக்கு இத்தனை பலம் என்று விளக்கினார். தன் வீட்டை இடித்த புயலைத் தானேதான் லாரியில் ஏற்றி வந்திருக்கிறோம் என்பதை அதுவரை அறியாத மதுரைவீரன் தலைகுனிந்தான். பரிகாரமாக, அவர்களுடைய மூன்று சென்ட் மனையிலேயே 'குறைகார்பன் மாதிரி இல்லம்' கட்டித் தரப்படும் என்றார் அழகேசன்.

வீடு நல்ல வீடுதான். சூளை காணாத மண்கற்கள், தடித்த சுவர், காற்று பிடுங்க முடியாதபடி சுவரோடு கம்பியால் கட்டிய கூரை. அதன் பாதிக் கற்களை ஆண்டாயி தன் தலையில் சுமந்தாள். பக்கத்திலேயே தார்ப்பாய்க் கூடாரம் போட்டு, சுவர் உயர உயரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழாவுக்கு இருபத்தாறு கார்கள் வந்தன. வெறும் மண்ணில் நின்று பேசினால் மண்ணின் பெருமை எடுபடாது என்பதால், வீட்டைப்போல் இரண்டு மடங்குக்குக் கான்கிரீட்டில் மேடை போட்டிருந்தார்கள். சாவி ஆண்டாயியிடம் கொடுக்கப்பட்டது. போட்டோ எடுக்கப்பட்டது. சாவி திரும்ப வாங்கப்பட்டது.

உள்ளே கரியமிலவாயுவை அளக்கும் கருவி வைத்திருப்பதாகவும், ஒரு வருஷம் அளவு ஏறாமல் இருந்தால்தான் திட்டம் வெற்றி என்றும் அழகேசன் சொன்னார்.

"நீங்க அடுப்பு பத்தவைப்பீங்க, ஃபேன் போடுவீங்க, மூச்சு வேற விடுவீங்க. எல்லாம் நம்பர்ல ஏறும்மா. வூடு எங்க போயிடப் போவுது?"

அதுவரைக்கும் எங்கே இருப்பது என்று ஆண்டாயி கேட்டாள். அவர் தார்ப்பாயைக் காட்டினார். சிமெண்ட் இல்லை, செங்கல் இல்லை, கரண்ட் இல்லை; மாவட்டத்திலேயே அதைவிடக் கரி குறைந்த வீடு கிடையாது என்று மனதாரப் பாராட்டினார்.

பத்து மாதம் நம்பர் அசையவில்லை. பெரம்பலூரிலிருந்து அதிகாரிகள் வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வியந்தார்கள். தார்ப்பாய்க்குள் கோடையில் வெந்துகொண்டிருந்த ஆண்டாயிதான் வாசலைக் கூட்டி வைத்தாள்.

ஐப்பசியில் அடுத்த புயல் வந்தது. பிற்பகல் நான்கு மணிக்கே தார்ப்பாயைக் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போகும் ரோட்டில் புளியமரம் விழுந்து கிடந்தது. கூரை இழந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி, ஒன்பது பேர் கொண்ட தன் குடும்பத்தோடும் ஆடுகளோடும் ஆண்டாயியிடம் ஓடிவந்தாள். மதுரைவீரன் அழகேசனுக்குப் போன் போட்டான். பூட்டைத் திறக்க மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார் அவர். அதற்குள் டவர் போய்விட்டது.

ஆண்டாயி கடப்பாரையை எடுத்தாள்.

பதினோரு பேரும் இரண்டு ஆடுகளும் உள்ளே போனார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. ஆண்டாயி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், நடுக்கமே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அது நிம்மதியா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் வந்த அழகேசன் நேராகக் கருவியிடம் போனார். பத்து மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விட்டதே என்று நொந்துகொண்டார்.

"நாங்க வெளிய கெடந்து செத்திருந்தா நம்பர் ஏறியிருக்காதுங்களா சார்?" என்று ஆண்டாயி கேட்டாள்.

உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர். சற்று யோசித்து, "ஏறியிருக்காதும்மா" என்றார்.

பூட்டை உடைத்ததற்குப் போலீசுக்குப் புகார் எழுதினார். ஆனால் சுற்றுவட்டாரத்தில் நின்ற ஒரே வீடு என்று பேப்பரில் போட்டோ வந்துவிட்டதால் புகாரைக் கிழித்தார். பதினோரு பேர் குடியிருக்கும் படமாகப் போய்விட்டதால், ஆண்டாயியை அங்கிருந்து கிளப்பவும் முடியவில்லை. அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த மாதம், புயலில் பதினோரு உயிர்களைக் காப்பாற்றியதற்காக அழகேசனுக்கு விருது கொடுத்தார்கள். அந்த வீட்டை யாரையும் உள்ளே விடாமல் பத்து மாதம் பூட்டி வைத்தவரும் தாம்தான் என்பதை, தன்னடக்கம் காரணமாக, அவர் ஏற்புரையில் குறிப்பிடவில்லை.