சங்கிலியை விழுங்கிய பேசும் பெட்டி

இராஜாக்கமங்கலம்

அன்புள்ள மைத்துனர் பிரதீஷுக்கு, அத்தான் கோலப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் உடல்நலத்தோடு இருக்கிறோம், பேச்சுவார்த்தைதான் இல்லை. பெங்களூரில் உன் நலத்துக்குக் குறைவிருக்காது, நஷ்டம் என்னுடையதுதானே.

பொங்கலுக்கு வந்தபோது என் மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ என்ன சொன்னாய்? "அத்தான், சோப்பு கம்பெனி, பிஸ்கட் கம்பெனி பங்கெல்லாம் பழைய கதை. ஆள் எதை வாங்கினாலும் பைசா போன் வழியாத்தான போகுது? அந்தக் கம்பெனியில போடுங்க." நானும் உன் அக்கா முத்துக்கனியின் சங்கிலியை அடகு வைத்துப் போட்டேன். மறுவாரமே பங்கு சறுக்கியது. என் கம்பெனி என்று ஆன பிறகு கைகட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கடையில் 'ரொக்கம் வாங்கப்படமாட்டாது' என்று பலகை மாட்டினேன். அரைக் கிலோ சீனி கேட்டால் இரண்டு கால் கிலோவாகப் பொட்டலம் கட்டி, இரண்டு தடவை போனில் அனுப்பச் சொன்னேன், கம்பெனிக்கு இரண்டு கமிஷன் கிடைக்கட்டுமே என்றுதான். பணம் வந்ததைச் சொல்லும் அந்தப் பேசும் பெட்டி ஓயாமல் பேசியது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஒருநாள் சுந்தர்சிங் கடலிலிருந்து நேராக ஈரக்கையோடு தீப்பெட்டி வாங்க வந்தான். "அண்ணாச்சி, வள்ளத்துக்குப் போறவன் போனும் கொண்டா போவான்? இந்தா சில்லறை" என்றான். நான் பலகையைக் காட்டினேன். சில்லறையை மடியில் முடிந்துகொண்டு சந்துப் பக்கம் இறங்கிப் போனான். அவன் பின்னால் ஊரே போனது.

அப்புறம் பெட்டியைப் பழுதுபார்க்க அனிஷ் என்ற கம்பெனி ஆள் வந்தான். என் சேவையைப் பெருமையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அண்ணாச்சி, பாங்குக் கணக்குல இருந்து இப்படி வாற பைசாவுக்குக் கடைக்காரங்ககிட்ட கமிஷனே கிடையாது. உங்க கடையால கம்பெனிக்குக் கிட்டுறது இந்தப் பெட்டி வாடகைதான்" என்றான். ஆக, என் பங்குக்கு லாபம் வர நானே வாடகை கட்டியிருக்கிறேன். இதற்கிடையில் சோப்பு கம்பெனிப் பங்கு ஏறிவிட்டதாம். என் கடையிலும் சோப்புக்கு ஏதோ கிராக்கிதான். வாங்க ஆளில்லாமல் தானாகக் குறைகிறது. எலி என்று பொறி வைத்திருக்கிறேன்.

வெறும் கழுத்தோடு அம்மன் கொடைத் திருவிழாவுக்கு எப்படிப் போவேன் என்று உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருக்கிறது. பங்குக் கணக்கை நீதானே பார்க்கிறாய்? வந்த விலைக்கு விற்றுப் பணத்தை அனுப்பு, சங்கிலியை மீட்க வேண்டும். இனிப் பங்கு என்ற பேச்சே என் வாயில் வராது.

உனக்கு நல்ல இடத்தில் பெண் அமைய தாணுமாலயன் அருள்புரியட்டும். பெண் வீட்டாருக்கு முதலீட்டு யோசனை எதுவும் சொல்லிவிடாதே.

உன் அத்தான்,
கோலப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது முத்துக்கனி வந்து நின்றாள், கழுத்தில் சங்கிலி, விரலில் கட்டு. "உங்க எலிப்பொறியில என் விரல்தான் மாட்டிச்சு" என்றாள். நான் விரட்டிய ஆட்களுக்கெல்லாம் சந்துப் பக்கத்துப் புறவாசலில் ரொக்கத்துக்கு என் கடைச் சாமானையே விற்று அடகை மீட்டுவிட்டாளாம். ஆகவே பங்கை விற்காதே. விலை பாதியாகக் கிடக்கும்போதே இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் என்ன? சங்கிலிதான் திரும்ப வந்துவிட்டதே. அக்காவிடம் சொல்லாதே.