கோட்டைத் தின்ற ஆடுகள்

எனக்குக் கால்பந்து தெரியாது. தெரியாத விஷயத்தில் முந்திக்கொண்டு போய் நிற்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அபுதாபியிலிருந்து படகில் போகவேண்டிய சின்னத் தீவு ஒன்றில் எனக்கு ஸ்டோர்கீப்பர் வேலை. தீவுக்கு ஒரு கால்பந்து டீம் இருந்தது, மைதானம் இல்லை. ஒவ்வொரு முறையும் கடல் தாண்டிப் போய்த் தோற்றுவிட்டு வருவார்கள். கேப்டன் சாலிம், மீனவர் வீட்டு இளைஞன், நடையாய் நடந்து முதன்முதலாக ஒரு மேட்சைத் தீவுக்கே கொண்டுவந்தான். நல்லபடியாக நடந்தால் புல்தரை மைதானம் கிடைக்கும் என்று பேச்சு.

காற்று பலமாக இருந்ததால், கோடு போடும் சுண்ணாம்பு படகில் வந்து சேரவில்லை. விடுவேனா நான்? ஸ்டோரில் காலாவதியான அரிசி மாவு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. தலைமுறை தலைமுறையாகக் கோலம் போட்ட வம்சம் வேறு (போட்டது பெண்கள், நான் மிதித்தவன்).

மனைவி செல்வி மட்டும், "ஏங்க, மாவுன்னா எறும்பு வராதா?" என்றாள்.

"இந்த மணல்ல எறும்பு ஏதுடி?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு, விடியற்காலையில் கடற்கரை மணலில் கயிறு பிடித்து மாவால் கோடு இழுத்தேன். நடு வட்டத்தில் ஒரு தாமரை போடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வந்திறங்கிய டீமை அழைத்து வந்தேன்.

எறும்பு வரவில்லைதான். ஆடுகள் வந்திருந்தன. ஒரு பெனால்டி கட்டத்தை முடித்துவிட்டு, நடுக்கோட்டில் பந்தி போல வரிசையாக நின்று நக்கிக்கொண்டிருந்தன.

கோடு இல்லாமல் ஆட்டம் இல்லை என்று எகிப்துக்கார ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாலிம் கத்தியிருந்தால் தேவலை. "பாய், லைன் மாஃபி, மேட்ச் மாஃபி," என்று மெதுவாகச் சொன்னான். மாஃபி என்றால் அரபியில் 'இல்லை'. கண் கலங்கியிருந்தது.

படகுத்துறைக்கு ஓடினேன். பாதி இந்தி, பாதி அரபி, மீதி கைஜாடை. மீனவர்கள் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு படகுக் கயிறுகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். வந்த டீமும் சேர்ந்து மணலில் கயிற்றைப் பதித்தது. அதில் தடுக்கி அவர்கள் கோல்கீப்பர் விழுந்ததில்தான் எங்கள் ஒரே கோல் வந்தது. ஆட்டம் டிரா. தோற்காத சந்தோஷத்தில் தீவே ஆடியது.

இப்போது புல்தரை வந்துவிட்டது, வேலியும்தான். பெண்கள் டீமும் இருக்கிறது, அதில் என் மகள் ஆடுகிறாள். ஜெர்சியின் நெஞ்சில் ஓர் ஆட்டுத்தலை.

போன வாரம் அவள் அடித்த பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பெரிய வாக்குவாதம். தாண்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். சாட்சி சொல்ல எழுந்தேன்.

மகளே கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். "ப்ளீஸ்ப்பா, லைன் விஷயத்துல நீங்க பேசாதீங்க."