அடுப்பில்லாமல் கொதித்த கல்

ஆனையூர் முத்திருளன் வாயைத் திறந்தால் எதிரே நிற்கிறவன் விலையைக் குறைத்தாக வேண்டும். இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல், கல், கம்பி எல்லாம் வாங்கி விற்கிற பிழைப்பு. பள்ளிக்கூடம் அவரை விட்டதா, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. மற்றதெல்லாம் அடிபட்டுப் படித்த படிப்பு. கோபம் மட்டும் பேரமே இல்லாமல், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் தாராளமாகக் கிடைக்கும்.

அப்பேர்ப்பட்டவர் திருமங்கலத்தில் இடித்த ஒரு பங்களாவிலிருந்து நீளமான வெள்ளை மார்பிள் பலகையை அடிமாட்டு விலைக்கு அமுக்கிக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் அதைத் தன் வீட்டுச் சமையல் மேடையில் பதித்தும் விட்டார். கொத்தனார் போனதும் மனைவி நாகஜோதி வந்து பார்த்தாள்.

"ஏங்க, நான் கேட்டது கருப்பு கிரானைட்டு."

"இது மார்பிள்டி! ராசா அரண்மனையில போடுற கல்லு."

"ராசா இதுல புளி கரைச்சாரா?"

"நீ கரை! யாரு வேணாமுன்னா?"

"கரைச்சா கல்லு கெட்டுப் போகும். எங்க சித்தி வீட்டுல பாத்திருக்கேன்."

கல்லைக் குறை சொன்னால் பொறுத்திருப்பார். அவர் வாங்கிய கல்லைக் குறை சொன்னால்? முத்திருளனுக்கு உச்சி சூடானது. பக்கத்து வீட்டு இம்மானுவேல் சாரைக் கூப்பிட்டார். சார் வேதியியல் வாத்தியார், நல்ல மனுஷன், சாட்சிக்கு நிற்பதற்கென்றே பிறந்த முகம்.

"சார், நீங்களே கேட்டுக்கங்க. புளி பட்டு இந்தக் கல்லு கெட்டுச்சுன்னா, கடைக்காரன் சொல்ற வெலைக்கு, வாயே தொறக்காம, கருப்பு கிரானைட்டு வாங்கிப் போடுறேன். இல்லைன்னா இவ இனி கிரானைட்டுங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது!"

முத்திருளன் பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்குவதா! அதைவிட மொட்டை அடித்துக் கழுதை மேல் போவது கௌரவம். நாகஜோதி கல்லைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

வாசல்வரை வந்த இம்மானுவேல் சார் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, மார்பிள்ங்கிறது சுண்ணாம்புக்கல்லுக்குச் சொந்தக்காரன். கால்சியம் கார்பனேட். புளிப்புன்னு நாக்குக்குத் தெரியுதுல்ல, அது அமிலம். ரெண்டும் சந்திச்சா அமிலம் கல்லைத் திங்கும். கார்பன் டை ஆக்சைடு குமிழி குமிழியா கிளம்பும். பாலிஷ் போயிரும்."

"தேச்சுக் கழுவுனா?"

"அழுக்குன்னா கழுவலாம். இது கல்லையே தின்ன எடமுண்ணே."

"கிரானைட்டைத் திங்காதா?"

"அதுல சுண்ணாம்பு இல்ல. புளிக்கெல்லாம் அசையாது."

"யோவ் சார்! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்கண்ணே வாய மூடுனீங்க?"

அன்று சாயங்காலமே வீட்டில் புதுச் சட்டம் வந்தது. புளி ரத்தத்தைச் சுண்ட வைக்கிறது, ஆகவே இனிமேல் புளி கூடாது. டாக்டர் சொல்லிவிட்டாராம். எந்த டாக்டர்? அதெல்லாம் கேட்கக் கூடாது. இந்தத் திட்டத்தின் மேதைமையை நினைத்து முத்திருளன் தனக்குத்தானே மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

நாகஜோதி அதற்கும் "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வராத சொல், ஒரே நாளில் இரண்டாவது தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே நடுங்கியிருப்பான். இவர் ஜெயித்துவிட்டதாக நினைத்தார்.

மறுநாள் சாப்பாட்டுத் தட்டில் வெந்த சுரைக்காயும் பருப்பும் வெள்ளைச் சோறும் விதவைக்கோலத்தில் உட்கார்ந்திருந்தன.

"ரசம் எங்கடி?"

"புளி ரசம்தானே? ரத்தம் சுண்டிரும்ல."

"சரி, தக்காளி ரசம் வைக்கலாமுல்ல?"

"தக்காளியும் புளிப்புதாங்க. எலுமிச்சங்காய், மாங்காய், ஊறுகாய் எல்லாத்தையும் தெருவுல குடுத்துட்டேன்."

"மோராச்சும் ஊத்து."

"மோரு இனிக்குமாக்கும்?"

"காலையில ரெண்டு இட்லியாவது..."

"மாவு புளிச்சாத்தானுங்க இட்லி! உங்க உசுரை வச்சு நான் வெளையாடுவனா? சர்க்கரை தொட்டு சப்பாத்தி திங்கலாம்."

எம்புட்டு அக்கறை! தெருவே மெச்சியது. முத்திருளனுக்கு மட்டும் நாக்கு செத்து, காது அடைத்து, கடைக்கு வந்தவனிடம் பேரம் பேசக்கூட வாய் எழவில்லை. ஒரு தேக்கு நிலைப்படியை முதலில் சொன்ன விலைக்கே வாங்கிவிட்டு வந்து, செய்தது புரிந்ததும் படுத்தே விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி சோழவந்தானில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ஏங்க, அயிரை மீனு உசுரோட கெடைச்சுச்சு. தேங்காப்பால்ல விட்டு மண்ணு கக்க வச்சு, அலசி வச்சிருக்கேன். மஞ்சத்தூளு போட்டு அவிச்சுத் தின்னுங்க. ஒடம்புக்கு நல்லது."

"அயிரையை அவிக்கிறதா?" அவர் குரல் உடைந்தது.

"புளி மேல் தட்டுல டப்பாவுல இருக்கு. கோயிலுக்குக் குடுக்கணும். தொட்டுறாதீக."

பஸ் ஆனையூரைத் தாண்டியிருக்காது. முத்திருளன் மேல் தட்டைத் தாண்டியிருந்தார். அயிரை மீனை அவித்துத் தின்கிற பாவத்தை மதுரைக்காரன் எந்த ஆற்றில் முங்கித் தொலைப்பான்? மேடையில் பழைய சாக்கை விரித்தார். அதன் மேல் சட்டியை வைத்துப் புளியைக் கரைத்தார். நாள்கணக்கில் காய்ந்த கை; வெறியோடு பிழிந்தது. குழம்பு கொதித்து வாசனை வந்ததும் கண்ணீரே வந்துவிட்டது. சட்டியை வழித்துத் தின்றுவிட்டுத்தான் சாக்கைத் தூக்கினார்.

சாக்கு முழுக்கப் புளித்தண்ணீரைக் குடித்து, பொறுமையாகக் கல்லுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பளபளத்த மார்பிள் நடுவில் சாக்கு அளவுக்குச் சொரசொரவென்று ஒரு மங்கல்.

துடைத்தார். தேய்த்தார். திட்டினார். கல் எதற்கும் இறங்கி வரவில்லை. அப்போதுதான் ஞானம் பிறந்தது: கக்கூஸில் எப்பேர்ப்பட்ட கறையையும் போக்குகிற ஆசிட் இருக்கும்போது கவலை என்ன? பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்தார்.

கல் சீறியது. நுரைத்தது. பொங்கியது. புகைநெடி தொண்டையைப் பிடிக்க, முத்திருளன் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார்.

"சார்! அடுப்பே இல்லாம கல்லு கொதிக்குது சார்!"

இம்மானுவேல் சார் வந்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"புளி, கல்லை நக்கித் திங்கும். இது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறி விருந்து மாதிரி திங்கும். ஆப்பசோடாவைத் தூவுங்க, ஆசிட்டு அடங்கும்."

தூவினார். இன்னும் ரெண்டு பங்கு நுரைத்தது.

"அய்யோ, அடங்கும்னீங்க!"

"அடங்குற சத்தம்தாண்ணே அது. ரெண்டும் அடிச்சுக்கிட்டு உப்பும் தண்ணியுமாப் போயிரும். அப்புறம் நிறையத் தண்ணி ஊத்துங்க."

"கல்லு?"

"அது போனது போனதுதான்."

சாயங்காலம் நாகஜோதி வந்தாள். மேடை நடுவில் கண்மாய் வற்றியது மாதிரி ஒரு பள்ளம். அவள் காலிச் சட்டியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டீகளோ?"

மறுநாள் காலையில் முத்திருளன் திருமங்கலம் ரோட்டு கிரானைட் கடைக்குத் தனியாகப் போனார். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே போனார். கடைக்காரன் எந்த விலை சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. நெஞ்சு வெடித்தாலும் கூடாது.

"வாங்கண்ணே, ஆனையூருதானே? கருப்பு கிரானைட்டு அளவா அறுத்து வண்டியில ஏத்தியாச்சு. வெலையும் உங்க வீட்டு அக்காவே பேசி முடிச்சிட்டாக. யாத்தாடி, என்னா பேச்சு! எனக்கு வண்டி வாடகைகூட மிஞ்சலண்ணே."

"அவ எப்ப வந்தா?"

"நீங்க வெள்ளக்கல்லு பதிச்ச மறுநாளே வந்துட்டாகளே. 'எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழமை மீன் கொழம்பு வைப்பாரு, திங்கக்கெழமை காலையில வாயத் தொறக்காம வந்து நிப்பாரு, அதுவரைக்கும் கல்லை யாருக்கும் குடுத்துறாதீக'ன்னு சொல்லிட்டுப் போனாக."