ஐந்து புகார், ஒரு பிளம்பர்

சுருக்கிவிடும் பிராணி என்று ஓர் இனம் உண்டு. வீட்டில் உண்டு, அலுவலகத்தில் உண்டு, நாலு பேர் கூடும் இடமென்றால் நிச்சயம் உண்டு. நீங்கள் மூன்று விஷயம் சொல்ல வாயெடுத்தால், முதலாவதைக் கேட்டதுமே "புரிஞ்சுபோச்சு, எல்லாம் ஒண்ணுதான்" என்று மற்ற இரண்டையும் அமுக்கிவிடும்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் இதில் உயர்ந்த ரகம். மேல்வீட்டுக்காரருக்கு முழங்கால்வலி, எதிர்வீட்டம்மாளுக்குப் பல்வலி என்றால் இருவருக்கும் ஒரே தைலத்தைச் சிபாரிசு செய்வார். வலி வலிதானே?

ஒரு சனிக்கிழமை காலை மகள் கணக்கு நோட்டோடு வந்தாள். 3x + 2y + 4x. சுருக்குக.

"ஒன்பது xy. எழுது."

"இல்லப்பா. மூணு x-உம் நாலு x-உம் ஒத்த உறுப்பு, சேரும். ஏழு x. அதோட y சேராது. 7x + 2y, அவ்வளவுதான்."

"பாதியில விட்டுட்டுப் போறதுக்குப் பேரு சுருக்கறதா?" பேனாவைப் பிடுங்கி 9xy என்று தாமே எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்தார்.

மகளோடு மல்லுக்கு நிற்க அவருக்கு ஏது நேரம்? மேசையில் ஐந்து புகார்ச் சீட்டுகள். மூன்றில் குழாய் ஒழுகுகிறது. இரண்டில் லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது. 'மொத்தம் ஐந்து பழுது' என்று குறித்து, பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பிளம்பர் மூன்று குழாயையும் முடித்துக் கிளம்பும் நேரம், மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. உள்ளே செயலாளரின் மனைவி. செயலாளரும் பிளம்பரும் படியேறி ஓடினார்கள்.

"ஏங்க, மூச்சு முட்டுது! லிஃப்டுக்கு ஆள் சொன்னீங்களா இல்லையா?"

"பழுதுக்கு ஆள் இங்கேயே நிக்கறாரு, பதறாதே!"

"யாரு?"

"நான்தாம்மா, பிளம்பர்," என்றார் அவர் சங்கடத்தோடு. "உள்ள தண்ணி ஏதாவது ஒழுகுதா?"

உள்ளேயிருந்து கதவில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. அந்த அடி யாருக்கானது என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவைத் திறக்க ஒன்றரை மணி நேரமானது. அடுத்த சங்கக் கூட்டத்தில், செயலாளரை மாற்ற வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர் அவர் மனைவிதான்.

"வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வரலாமா?" என்று செயலாளர் மனைவியின் காதைக் கடித்தார்.

"அது வேற, இது வேற," என்றார் அந்த அம்மாள், கையை இறக்காமல்.

பதவி போயிற்று.

சிரித்தீர்களா? படிக்கும்போதே உங்களுக்கு ஒரு மைத்துனரும், ஒரு மேலதிகாரியும், ஒரு பக்கத்துவீட்டுக்காரரும் நினைவுக்கு வந்திருப்பார்கள். மூவரையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "இந்த மாதிரி ஆளுங்களே இப்படித்தான்" என்று முணுமுணுத்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். முன்னாள் செயலாளர் உங்கள் பக்கத்தில்தான் உட்காரப் போகிறார்.