தலைவரை உட்கார வைக்கவும் எழுப்பவும் ஒரு சட்டம்

மாநிலக் காவல்துறைத் தலைவரை எப்படி நியமிப்பது, எப்படி நீக்குவது என்று ஒரு சட்டம் இயற்றும்படி நீதிமன்றம் அரசைக் கேட்டுக்கொண்டது. அரசு அமைச்சரைக் கேட்டுக்கொண்டது. அமைச்சர் செயலரையும், செயலர் வரைவாளரையும் கேட்டுக்கொண்டார்கள். வரைவாளருக்குக் கேட்டுக்கொள்ள ஆள் இல்லாததால் அவரே உட்கார்ந்து எழுதினார்.

இருபத்தாறு வருடமாகச் சட்டம் எழுதுகிற மனிதர். இதை மனசாட்சியோடு எழுதினார். ஐந்து பேர் குழு தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வருடம் அவரை யாரும் அசைக்கக் கூடாது. குற்றம் நிரூபணமானால் மட்டுமே நீக்கலாம்.

பள்ளி ஆசிரியையான அவர் மனைவி படித்துவிட்டு, "நீங்க எழுதினதுல முதல் தடவையா எனக்கு ஒண்ணு புரியுதுங்க" என்றாள்.

"அப்படின்னா எங்கயோ தப்பு இருக்கு" என்று அவர் கவலைப்பட்டார்.

அமைச்சரும் படித்தார். "பிரமாதம்! ஆமா, ஆளைப் பிடிக்கலைன்னா?"

"நீக்க முடியாதுங்கய்யா."

"ரொம்பப் பிடிக்கலைன்னா?"

"அப்பவும் முடியாதுங்கய்யா."

அமைச்சர் மோவாயைத் தடவினார். "சரி. குழு கூடுற வரைக்கும் நாற்காலி காலியா கிடக்குமே? அதுக்கு ஒரே ஒரு வரி போடுங்க."

வரைவாளருக்குக் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. 'குழு கூடும்வரை, பொருத்தமான ஒருவரை அரசு பொறுப்பில் வைக்கலாம்' என்று சேர்த்தார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருசேர மேசையைத் தட்ட, சட்டம் நிறைவேறியது.

குழு கூடவில்லை. முதல் தடவை ஒருவருக்குக் காய்ச்சல். அடுத்த தடவை எல்லோரும் வந்தார்கள், கூட்ட அறைச் சாவி வரவில்லை. மூன்றாம் தடவை சாவி வந்தது. அதற்குள் குழுவின் பதவிக்காலம் முடிந்திருந்தது.

இதற்கிடையே பொறுப்புத் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். முதலாமவர் அமைச்சரின் அக்கா மகனைக் கைது செய்தார். நாற்பதாம் நாள் வீட்டுக்குப் போனார். இரண்டாமவர், அமைச்சர் கைது செய்யச் சொன்ன ஆளைக் கைது செய்யவில்லை. மூன்றாமவர், "செய்யறேன், எழுத்துல குடுங்க" என்றார். அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார். இவர்களை நீக்கினார்கள் என்று சொல்வது சட்டப்படி பிழை. நியமிக்கவே இல்லாதவரை எப்படி நீக்க முடியும்? ஒன்பதாமவர் வந்தபோது, பெயர்ப்பலகையில் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதினால் போதும் என்று அலுவலகம் முடிவு செய்தது.

வரைவாளருக்குச் சோறு இறங்கவில்லை. 'முப்பது நாளில் குழு கூடியே ஆக வேண்டும்' என்று ஒரு திருத்தம் எழுதி எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனார்.

"உங்க சட்டத்துல ஒரு எழுத்தையாவது மீறியிருக்கோமா?" என்று கேட்டார் அமைச்சர்.

"இல்லைங்கய்யா."

"பின்னே எதுக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

வேலையே போனாலும் போகட்டும் என்று வரைவாளர் எதிர்க்கட்சித் தலைவரின் வீட்டுப் படியேறினார். எதிர்க்கட்சித் தலைவர் திருத்தத்தைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அந்த வரியில கையை வைக்காதீங்க சார். அடுத்த வருஷம் நாங்க வரப்போறோம். வெறுங்கையோட ஆட்சி நடத்தச் சொல்றீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை வரைவாளர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். மொத்தம் முப்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், காவல்துறைத் தலைவர் செய்தி வந்திருந்த பேப்பரை உதறிக்கொண்டே கொதித்தார்.

"ஒரு மனுஷனை இப்படியா அந்தரத்துல தொங்க விடுவாங்க? வெட்கக்கேடு!"

எல்லோரும் கைதட்டினார்கள். வரைவாளருக்குக் கண் கலங்கிவிட்டது. நாட்டில் நியாயம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

அடுத்து, வாயில் காவலாளியின் மனு வந்தது. ஆறு வருடமாக வேலை பார்க்கிறாராம், நிரந்தரமாக்க வேண்டுமாம்.

"கேட்கிறது நியாயம்தான்" என்று தொண்டையைச் செருமினார் தலைவர். "இதுக்கு ஒரு குழு போட்டுடுவோம். அது கூடுற வரைக்கும்... சார், உங்க சட்டத்துல ஒரு வரி வருமே, அது என்ன?"

வரைவாளர் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார்.

"அழகா இருக்கு! சம்மதம்னா கையைத் தூக்குங்க. சார், நீங்களே எண்ணிடுங்க."

அவர் எண்ணினார். மனைவியின் கையையும் சேர்த்து முப்பத்தொன்று. ஒன்று குறைகிறதே என்று மறுபடி எண்ணியபோதுதான், தன் கையும் மேலே இருப்பதைப் பார்த்தார்.