மூக்கடைத்தவரும் இத்தாலிப் பாட்டிலும்

அந்த ஹோட்டலுக்கு வரும் எந்த ஒயினும் அவர் மூக்கைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போகும். அப்பேர்ப்பட்ட மூக்கு, போயும் போயும் இன்றைக்கா அடைத்துக்கொள்ள வேண்டும்?

இத்தாலியிலிருந்து வந்த, நுரைக்கிற வெள்ளை ஒயின். ஒரே ஒரு பாட்டில். "வீட்டுல நிதானமா ருசி பாத்துட்டு சாயங்காலம் வந்து சொல்லுங்க. சரியாச் சொன்னா கொள்முதல் மேனேஜர் நாற்காலி உங்களுக்குத்தான்" என்று முதலாளி கொடுத்தனுப்பியிருந்தார். வருஷக்கணக்காக அவர் ஏங்கிக்கிடந்த நாற்காலி அது. ஜலதோஷம் என்று வாயைத் திறந்தால் கைநழுவிப் போய்விடும். ஆகவே மனைவியின் நாக்கை அவளுக்கே தெரியாமல் இரவல் வாங்குவதென்று தீர்மானித்தார்.

"இந்தா, ஒரு வாய் குடிச்சுப் பாரு."

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு சொட்டு கண்ணுல காட்டினதில்ல. இன்னிக்கு என்ன திடீர்ப் பாசம்?"

"சும்மாதான். இது ட்ரை."

"குடுங்க, ட்ரை பண்றேன்."

"அந்த ட்ரை இல்லடி. இனிப்பில்லாத ஒயினுக்கு ட்ரைன்னு பேரு."

"தண்ணியாட்டம் ஓடுது, பேரு மட்டும் காஞ்சுபோச்சா?"

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நேரமா அது? அவள் ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"பச்சை ஆப்பிள் வாசனை. நுரை பொடிப்பொடியா நாக்குல குத்துது. முழுங்கினப்புறம் லேசா பாதாம் தோல் கசப்பு. ஏங்க, உங்களுக்கு அப்படித் தெரியலையா?"

"தெரியுது, தெரியுது" என்றார் அடைத்த குரலில். "நீ சரியாச் சொல்றியான்னு பாத்தேன்."

அவள் அவருடைய சிவந்த மூக்கைப் பார்த்தாள். "போய்க் குளிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள்.

குளிக்கும்போதெல்லாம் ஆப்பிள், பாதாம் என்று வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்தார். சாயங்காலம் முதலாளி முன்னால் பிசகாமல் ஒப்பித்தார். முதலாளி தலையாட்டிக் கேட்டார்.

"அப்படியே இருக்கு. ஒரு வார்த்தை மாறல."

"எதுலேருந்து சார்?"

"மத்தியானம் உங்க வீட்டம்மா போன்ல சொன்னதுலேருந்து. உங்களுக்கு மூக்கடைப்பாமே, பாவம். ரெஸ்ட் எடுங்க. அந்த நாற்காலிக்கு நாளைக்கு அவங்களை வரச் சொல்லியிருக்கேன்."

வீடு வந்து சேர்ந்ததும், ஆத்திரமாகக் கிளம்பியது தும்மலாகத்தான் வெளியே வந்தது.

"இப்படிக் காலை வாரிட்டியேடி!"

ஆவி பறக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் முன்னால் வைத்து, தலையில் துண்டைப் போர்த்திவிட்டாள் மனைவி.

"நான் என்னங்க பண்ணேன்? நீங்கதானே ட்ரை, ட்ரைன்னு சொன்னீங்க. பண்ணிப் பாத்தேன்."