மௌனத்துக்கு மதிப்பெண் இல்லை

சன்னிவேலில், பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பக்கூடிய அளவுக்குப் பெரிய கணினி நிறுவனம் ஒன்றுக்கு, யோசிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். வெண்டெல் ஹார்ப்பர் விண்ணப்பித்தார். பழைய கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அது கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் முப்பதாம் தேதியோடு சரி. மனைவி நோயலுக்கோ அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன்.

நேர்முகத் தேர்வின் முதல் சுற்றில் வெண்டெல், பதில் சொல்வதற்கு முன்னால் நான்கு நிமிடம் யோசித்துவிட்டார். ஆள்சேர்ப்பு அதிகாரி டெஸ்ஸா மறுநாளே போன் செய்தாள்.

"வெண்டெல், பேசாம நின்னு யோசிச்சீங்களாமே?"

"ஆமா. கேள்வி கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

"எங்க மதிப்பெண் தாள்ல மௌனத்துக்குக் கட்டமே கிடையாது. இனிமே மனசுல ஓடறது அத்தனையும் வாய் வழியா வரணும். ஒண்ணு விடாம!"

மேற்படி உத்தரவை வெண்டெல் சிரமேற்கொண்டார். பத்து நாள் வீட்டிலேயே பயிற்சி. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில், "சூப்ல உப்பே இல்ல, சொன்னா வம்பு," என்று உரக்க யோசித்தார்.

"வேலை மட்டும் கிடைக்காம போகட்டும், எல்லாத்தையும் சேத்துவச்சுக் கேக்கறேன்," என்றாள் நோயல்.

இரண்டாம் சுற்றில் கையில் மார்க்கரோடு வெள்ளைப் பலகை முன் நின்றார். "இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். டக்குனு போட்டா சந்தேகப்படுவாங்க. கொஞ்சம் நெத்தியச் சொறியணும்," என்று அறிவித்துவிட்டுச் சொறிந்தார். தேர்வாளர் மெய்சிலிர்த்துப்போய், 'ஒளிவுமறைவற்ற சிந்தனை' என்று குறித்துக்கொண்டார். அடுத்த இரண்டு சுற்றுகளும் இதே லட்சணத்தில் வெற்றிகரமாக முடிந்தன.

ஐந்தாவது சுற்று, துணைத் தலைவர் கான்ராடின் அறையில்.

"இங்க ஏன் வேலைக்குச் சேரணும்னு நினைக்கறீங்க?"

"இன்சூரன்ஸ் முடியுது. பெண்டாட்டிக்கு ஆபரேஷன். உங்க செயலி என்ன பண்ணுதுன்னே எனக்குப் புரியல. உலகத்த மாத்தணும்னு சொன்னா இவருக்குப் பிடிக்கும். சொல்லலாமா?"

கான்ராட் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசுங்க. அது என்ன பண்ணுதுன்னு எனக்கும்தான் தெரியாது. ரெண்டு பசங்களுக்குப் பல்லுல கம்பி போட்டிருக்கு. நானும் இன்சூரன்சுக்குத்தான் இருக்கேன். உங்கள உள்ள விட்டா, மத்தவங்க எல்லாம் எப்படிய்யா நடிக்கறது?"

வெளியே அடுத்த ஆள், டோபியாஸ் என்ற இளைஞன், விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டியபடி உட்கார்ந்திருந்தான். "என்ன கேக்கறாங்க?" என்றான். வெண்டெலுக்கு மனசு கேட்கவில்லை.

"உலகத்த மாத்தணும்னு சொல்லு தம்பி. கண்ணு கலங்கினா இன்னும் விசேஷம்."

டோபியாஸ் கண் கலங்கினான், வேலை கிடைத்தது. விண்ணப்பதாரர்களுக்கு ஒரு கையேடு எழுதுவது அவனுக்கு இடப்பட்ட முதல் பணி. நோயலின் ஆபரேஷன் தள்ளிப்போன வாரத்தில், 'ஆறு மாதம் கழித்து மீண்டும் முயல்க' என்ற வருத்தக் கடிதத்தோடு அந்தக் கையேட்டின் பிரதி ஒன்று வெண்டெலுக்கும் வந்தது.

வலிக்கிற விலாவைப் பிடித்துக்கொண்டு நோயல் முதல் பக்கத்தை வாசித்தாள்: "மனதில் உள்ள உண்மையை மட்டுமே பேசவும். மாதிரி: உலகத்தை மாற்ற விரும்புகிறேன்."

"எந்த முட்டாப்பய சொல்லிக் குடுத்தான் இத?" என்றாள்.

வெண்டெல் வாயே திறக்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.